ஊசியக்காவின் கீழ்செட்டு

ஊசியக்காவின் மேல்செட்டு முதன்முதலாக வெளியே வந்து விழுந்தது ஒரு வங்கி மேலாளரின் காலடியில். அவருடைய கால்சட்டையில் நீளம் குறைக்க, அவள் தரையில் மண்டியிட்டு சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தும்மல் வந்தது. தும்மலோடு பதினான்கு பல்லும் வந்தன. மேலாளர் நல்ல மனிதர். கைக்குட்டையை விரித்து அதை எடுத்து, காசோலையை நீட்டுகிற பவ்யத்தோடு இரண்டு கையாலும் நீட்டி, “உங்களுதுங்களா?” என்று கேட்டார். கடையில் அவர்கள் இரண்டு பேரையும் தவிர வேறு யாரும் இல்லை.

சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லோருக்கும் இந்தக் கதை தெரிந்துவிட்டது. சொன்னது ஊசியக்காவேதான். தும்மலை ஒரு மாதிரி, மேலாளரின் குரலை ஒரு மாதிரி, செட்டு பளிங்குத் தரையில் வழுக்கிப் போன சத்தத்தை ஒரு மாதிரி நடித்துக் காட்டினாள். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காதவர் ஒரே ஒருத்தர், அவள் கணவர். காரணம், அந்தச் செட்டைச் செய்தவர் அவர்.

பல்செட்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். டாக்டரம்மாவின் பல் மருத்துவமனையில், பின்பக்கம் ஒற்றை ஜன்னல் உள்ள அறையில், முப்பத்தொரு வருஷமாகப் பல்செட் செய்கிறார். டாக்டரம்மா நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, மோட்டாரில் ராவித் தேய்த்துப் பளபளவென்று திருப்பி அனுப்புவார். யார் முகமும் அவருக்குத் தெரியாது. வாய்தான் தெரியும். தெருவில் யாராவது சிரித்தால் நின்று பார்ப்பார். “நம்ம வேலைதான்” என்று மனைவியின் காதில் சொல்வார். “முறைச்சுப் பாக்காதீங்க, அவங்க வீட்டுக்காரரு பாக்குறாரு” என்பாள் அவள்.

அவள் வீட்டின் முன்னறையில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். உதட்டில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். அதை வைத்துக்கொண்டே பேசுவாள், அதட்டுவாள், பாட்டும் பாடுவாள். அதனால்தான் ஊசியக்கா. நூலைக் கத்தரியால் வெட்டி யாரும் பார்த்ததில்லை, பல்லால்தான் கடிப்பாள். முப்பது வருஷம் கடித்தால் எந்தப் பல் தாங்கும்? ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் மிச்சமிருந்த ஏழையும் டாக்டரம்மா பிடுங்கி எடுத்தார். ஈறு வற்றி ஒரு நிலைக்கு வர மூன்று மாதமாவது ஆகும், அதுவரை செட்டு கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

அது பல்செட்காரருக்குத் தெரியாத விஷயமா? டாக்டரம்மா நோயாளிகளுக்குச் சொல்கிற எல்லாவற்றையும் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து முப்பத்தொரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர். ஏற்ற இறக்கத்தோடு அப்படியே ஒப்பிப்பார். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் நாலு வருஷம் கழித்து ஆறே வாரத்தில் வருவதாக இருந்தாள். ஊருக்கெல்லாம் பல் செய்கிறவனின் பெண்டாட்டி பொக்கை வாயோடு விமான நிலையத்தில் போய் நிற்பதா?

ஊசியக்காவுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. வருகிறவள் தான் பெற்ற பெண்தானே, பரீட்சை அதிகாரியா என்று கேட்டாள். அவர் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னிடமிருந்த சாவியால் மருத்துவமனையைத் திறந்து, அவளை டாக்டரம்மாவின் பெரிய நாற்காலியில் உட்காரவைத்து, தானே அச்சு எடுத்தார். அது அவர் செய்யக் கூடாத வேலை. வாய்க்குள் கை வைப்பது டாக்டரம்மாவின் உரிமை, வெளியே வந்ததைச் செதுக்குவதுதான் இவருடையது. ஊசியக்காவோ, காலால் அமுக்கினால் ஏறி இறங்குகிற அந்த நாற்காலியில் நாலு தடவை மேலே போய்க் கீழே வந்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகளைப் போலச் சிரித்துக்கொண்டே கதவைப் பூட்டிவிட்டு வந்தார்கள்.

செட்டு அழகாகத்தான் வந்தது. நாலு வாரம் பொருந்தியது. அதற்குப் பிறகு ஈறு தன் பாட்டுக்கு வற்ற, செட்டு தன் பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது. பேசினால் டக் டக்கென்று சத்தம். ஆப்பிளைக் கடித்தால் செட்டு ஆப்பிளோடு போனது. மகள் வந்து இருந்த மூன்று வாரமும் ஊசியக்கா எல்லாப் புகைப்படத்திலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, யார் மேலோ கோபமாக இருப்பவளைப் போல நின்றாள்.

“எங்க தொழில்ல லூசா இருந்தா ஒரு பிடி பிடிச்சுத் தைச்சிருவோம்” என்று அவரைச் சீண்டுவாள். “உங்க தொழில்ல பிடிக்கிறதே கிடையாதா? எல்லாத்துக்கும் ராவுறதுதானா?”

மேல்செட்டுக்கு உள்ளே ஒரு பூச்சுக் கொடுத்து அவர் அதை ஆடாமல் நிறுத்திவிட்டார். கீழ்செட்டுத்தான் வழிக்கு வரவில்லை. மகள் விமானம் ஏறிப் போன மறுவாரம், இடது பக்கம், நாக்கு உரசுகிற உள்பக்கத்தில் ஒரு புண் வந்தது.

புதுச் செட்டுக்குப் புண் வருவது புதுச் செருப்புக்குக் கால் கடிப்பது மாதிரி. அதற்கு ஒரு வழி உண்டு. ஈரம் பட்டால் ஊதாவாகிற ஒரு பென்சில். அதைப் புண்ணின் மேல் மெல்லத் தொட்டுவைத்து, துடைத்த செட்டை மாட்டிக் கழற்றினால், எந்த இடம் குத்துகிறதோ அந்த இடத்தில் ஊதாப் பொட்டு ஒட்டியிருக்கும். அதை ராவிவிட வேண்டும். இரண்டு வாரத்தில் புண் ஆறிவிடும். ஆறாவிட்டால்? “ரெண்டு வாரத்துல ஆறலைன்னா ஒரு நாள் கூட தள்ளிப்போடாதீங்க, உடனே வந்து காட்டுங்க.” டாக்டரம்மா செட்டு வாங்கிப் போகிற ஒவ்வொருத்தருக்கும் சொல்வது. பல்செட்காரர் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்.

அவர் பொட்டு வைத்தார். ராவினார். இரண்டு வாரம் பார்த்தார்கள். புண் அப்படியே இருந்தது. சரியாக ராவவில்லை போலிருக்கிறது என்று மறுபடி பொட்டு வைத்து, மறுபடி ராவினார். இப்போது ராவியிருக்கிறோம், ஆகவே இன்றிலிருந்து இரண்டு வாரம். அது முடிந்ததும் கொஞ்சம் தள்ளி ஓரத்தில் ராவினார். அன்றிலிருந்து இரண்டு வாரம். இப்படி ஒவ்வொரு தடவையும் கணக்கு புதிதாகப் பிறந்தது. கெடு தாண்டவே இல்லை.

இடையில் ஒரு நாள் காலையில், காபியை ஆற்றிக்கொண்டே அவள் சொன்னாள்.

“ஏங்க, இது செட்டால வர்றது இல்லைன்னு நெனைக்கிறேன். மூணு நாளாக் கழட்டியே வச்சிருக்கேன். அப்பவும் வலிக்குது.”

இந்த இடத்தில் அந்த வீட்டின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் செய்த எந்தத் தப்பையும் ஊசியக்கா அவர் தப்பு என்று ஒப்புக்கொண்டது கிடையாது. அவர் ரயிலைத் தவறவிட்டால் ரயில் சீக்கிரம் கிளம்பிவிட்டது. அவர் குடையைத் தொலைத்தால் அந்தக் குடை எப்படியும் ஒழுகுகிற குடைதான். அவர் வாங்கி வந்த மீன் நாறினால் மூக்கில்தான் ஏதோ கோளாறு. அவரும் இத்தனை வருஷமும் அந்தச் சலுகையில் சொகுசாகக் குளிர்காய்ந்தவர்தான். அதனால் அவள் “செட்டால வர்றது இல்லை” என்றதும் அவருக்கு நெஞ்சு உருகிவிட்டது. இத்தனை வலியிலும் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாளே என்று நினைத்தார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்வது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தார்.

“சும்மா எனக்காகச் சொல்லாதே. அவசரப்பட்டு அச்சு எடுத்தது நான். தப்பு என்னோடது. சரி பண்றதும் நான்தான்” என்றார். சொன்னதில் அவருக்கு ஒரு பெருமை கூட இருந்தது. கழற்றி வைத்தால் குத்துகிற இடம் தெரியாது, இன்று முழுக்கப் போட்டிரு, ராத்திரி ராவித் தருகிறேன் என்றும் சொன்னார்.

அவள் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அவளே மருத்துவமனைக்குப் போய் டாக்டரம்மாவிடம் காட்டியிருக்கலாம். காட்டினால் ஞாயிற்றுக்கிழமை விஷயம் வெளியே வரும், முப்பத்தொரு வருஷ மரியாதை போகும். இதை அவர் சொல்லவில்லை. அவர் சொல்லாததையும் சேர்த்துத்தானே அவள் குடித்தனம் நடத்தினாள்? போகவில்லை. உதட்டில் குண்டூசி வைப்பதை நிறுத்தினாள். சட்டைக் காலரில் செருகிக்கொண்டாள். நாக்கு மரத்துப்போகிறது என்றாள் ஒரு நாள். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டாள். கேட்டவர்களிடம், உடம்பு இளைத்தால் துணி நன்றாக நிற்கிறது என்று சொன்னாள்.

நாலரை மாதம் ஆயிற்று. மருத்துவமனைப் பின்னறையில், அவருடைய பட்டறை மேஜையில் அந்தக் கீழ்செட்டு ஒரு மத்தியானம் கிடந்தது. வேறு ஏதோ கேட்க வந்த டாக்டரம்மா அதை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தார். இடது பக்கம் வெளிச்சம் ஊடுருவிப் போகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது.

“யாரோடது அண்ணா இது? நான் அனுப்புனது மாதிரி இல்லையே.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார், நாற்காலியைச் சொன்னார், எத்தனை தடவை ராவினார் என்பதைச் சொன்னார். டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்து, ‘எனக்கு வேணும்’ என்கிற முகத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா திட்டவில்லை. “அக்காவை இப்பவே கூட்டிட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான்.

ஊசியக்கா அந்தப் பெரிய நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தாள். டாக்டரம்மா நாக்கை ஒரு துணியால் பிடித்து ஒதுக்கிப் பார்த்தார். விரலால் அந்த இடத்தைச் சுற்றி அழுத்தினார், பிறகு தாடைக்குக் கீழே கழுத்தில் அழுத்தினார். எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார். ஒரு கடிதம் எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்கு நாளைக் காலையிலேயே போகச் சொன்னார். கடிதத்தை அவரிடம் கொடுக்காமல் ஊசியக்காவின் கையில் கொடுத்தார்.

ஒரு துணுக்குச் சதையை எடுத்துப் பரிசோதித்துப் பெயர் சொல்வதற்கு ஒன்பது நாள் ஆனது. அதற்குள் மகளும் ஓடி வந்துவிட்டாள். புற்றுநோய்ப் பிரிவில் ஒரு இளம் டாக்டர், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று பேரையும் உட்காரவைத்து விசாரித்தார். புகையிலை உண்டா, வேறு வியாதி உண்டா, இந்தப் புண் எத்தனை நாளாக இருக்கிறது?

“ஒரு இருபது நாளா இருக்கும்” என்றாள் ஊசியக்கா.

பேனா இருபது நாள் என்று எழுதத் தொடங்கியது. ஊசியக்கா நேராகச் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் சீக்கிரம் கிளம்பிவிட்டது என்று சொல்லும்போதும் முகத்தை இப்படித்தான் வைத்துக்கொள்வாள். மகள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். பல்செட்காரருக்கு ஒரு நிமிஷம், அது இருபது நாளாகவே இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது. அந்த ஆசையை அவர் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை.

“நாலரை மாசம்” என்றார். “நான் பல்செட் செய்யறவன். செட்டு குத்துதுன்னு நெனைச்சு ராவிக்கிட்டே இருந்தேன். ஒன்பது தடவை ராவினேன். செட்டைக் கழட்டினாலும் வலிக்குதுன்னு அவ சொன்னா. நான் நம்பலை.”

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். மடியில் இருந்த அம்மாவின் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை இழுத்து அம்மாவுக்கு அந்தப் பக்கம் போட்டுக்கொண்டாள்.

வெளியே போகும்போது அவர் மட்டும் பின்தங்கி, முதல் மாதமே வந்திருந்தால் என்று கேட்டார். அந்த டாக்டர் சுற்றி வளைக்கத் தெரியாதவர். சின்னதாக வெட்டி எடுத்து இரண்டே நாளில் வீட்டுக்கு அனுப்பியிருப்போம் என்றார். இப்போது தாடை எலும்பில் ஒரு பகுதியும் நாக்கில் பாதிக்கு மேலும் எடுக்க வேண்டியிருக்கும், கழுத்திலும் கட்டி இருக்கிறது, பேச்சு எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஏழு மணிக்கு மகள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களோடு கீழே போனாள். அறையில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். ஊசியக்காவுக்குப் பச்சை அங்கி போட்டிருந்தார்கள். அளவு பெரியது. தோளில் ஒரு பிடி பிடித்துப் பார்த்து, யார் தைத்தது இது என்று முகம் சுளித்தாள். அப்புறம் வேலை சொல்ல ஆரம்பித்தாள். பேச்சு ஏற்கெனவே குழறியது, ஆனால் புரிந்தது. நீலக் கோட்டுக்குக் கை அரை இஞ்ச் குறைக்க வேண்டும், எதிர்வீட்டுப் பள்ளிக்கூடச் சீருடை மூன்றும் அலமாரியில் மேல்தட்டில் இருக்கிறது, மேலாளர் கால்சட்டைக்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை. நன்றாகப் பேச முடிகிற கடைசி ஒரு மணி நேரத்தை அவள் கொக்கிக்கும் கோட்டுக்கும் செலவழிப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அதெல்லாம் விடு. என்னை ஒரு தடவையாவது திட்டு” என்றார். “இல்லைன்னா பரவாயில்லைன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டுப் போ.”

“உங்களைத் திட்டணும்னா ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு?” என்றாள். சிரித்தாள். சிரிப்பு வலித்திருக்க வேண்டும், கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள். அப்புறம் கையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள். பேசியபோது முகத்தில் அந்தக் காலண்டர் பார்க்கிற பார்வை இல்லை. அவரை நேராகப் பார்த்தாள்.

“கோபம் இருக்குங்க. நெறைய இருக்கு. எனக்கே புதுசா இருக்கு, இவ்வளவு இருக்கும்னு நெனைக்கலை. போறதுக்கு நாளாகும். போயிருச்சுன்னா சொல்றேன். பேச வரலைன்னா எழுதிக் காட்டறேன். அதுவரைக்கும் நீங்களா எதையும் நெனைச்சுக்காதீங்க. என்ன?”

“சரி” என்றார் அவர்.

சக்கரப் படுக்கை வந்தது. தலையைத் தூக்கி, கோட்டுக் கை அரை இஞ்ச், முக்கால் இல்லை என்றாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு வார்த்தையாக எதுவும் வரவில்லை. சத்தம் வந்தது. மகள் கடையிலிருந்து அளவு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். இடுப்பு, நீளம், தோள் என்று கட்டம் போட்ட அந்த நோட்டின் பின்பக்கப் பக்கங்களில் ஊசியக்கா எழுதிக் காட்டத் தொடங்கினாள். தண்ணி. ஃபேன் வேகம் குறை. குழாய் இழுக்குது. இந்த நர்ஸ் நல்ல பொண்ணு, கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளு. அவள் பென்சிலை எடுக்கும்போதெல்லாம் பல்செட்காரர் எழுந்து நின்றுவிடுவார். எழுதி முடித்து நோட்டைத் திருப்பிக் காட்டும்வரை உட்கார மாட்டார். ‘உட்காருங்க, படம் மறைக்குது’ என்று ஒரு தடவை எழுதினாள். எதிரே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

கோபம் போயிற்றா என்று ஒருபோதும் அவர் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பதில் எதற்கு ஆகும்? இரண்டு வாரம், இன்னொரு இரண்டு வாரம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டபோது, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்ட நாட்களும் உண்டு. இரண்டுக்கும் அவர் ஒரு அர்த்தமும் சொல்லிக்கொள்ளவில்லை. சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறாரே. கழுத்துக் கட்டி மறுபடி வந்தது. மூன்றாவது மாதக் கடைசியில், மகள் தலைக்குத் தலையணை மாற்றிக்கொண்டிருந்தபோது, ஊசியக்கா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து மகள் முன்னறைக்கு வந்தபோது, அவர் தையல் மேஜையில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்திலிருந்து நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார். எழுதி அடித்த இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் ‘மோர்’ என்று எழுதி அடித்து ‘பால்’ என்று எழுதியிருந்தது. இன்னொரு இடத்தில் வெறும் கோடுகள், மருந்து மயக்கத்தில் இழுத்தவை. அவற்றைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் அன்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டதிலிருந்து அவசியத்துக்கு மேல் அவரோடு பேசாத மகள், ஒரு ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். அவருக்குச் சாப்பாடு போட்டு மூடிவைத்திருப்பதாகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். நோட்டை மூடவில்லை.

“அம்மா உங்களை எப்பவோ மன்னிச்சிருப்பாங்கப்பா. அவங்க குணம் உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்னுதான் நெனைச்சேன்” என்றார். பக்கத்தைத் திருப்பினார். “சொல்றேன்னு சொல்லியிருந்தா. சொல்லலை. நாமளா எதையும் நெனைச்சுக்கக் கூடாது.”

மகள் ஸ்டூலை அவர் பக்கமாக நகர்த்திக்கொண்டு, அவளும் குனிந்து அந்தக் கோடுகளைப் பார்க்க ஆரம்பித்தாள்.